ராப்பும் எலக்ட்ரானிக் இசையும் சேரும்போது எதைக் கேட்பது?

ராப் பாட்டில் நம்மை இழுத்துப் பிடித்திருப்பது சொல். அடுத்த வரி எங்கே போய் விழும், எதுகை எப்படி அமையும், மூச்சு எங்கே விடுவார் என்ற எதிர்பார்ப்பிலேயே பாட்டு ஓடும். எலக்ட்ரானிக் நடன இசையில் அந்த எதிர்பார்ப்பை உண்டாக்குவது ஒலிகளின் வரவும் போக்கும்தான்: பேஸ் எனும் கீழ்ஸ்தாயி ஓசை விலகும், டிரம் இறுகும், ஓசை மேலே ஏறும், பிறகு எல்லாம் சேர்ந்து கொட்டும். இரண்டும் ஒரே பாட்டில் சந்திக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த நொடியில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது யார், ஒதுங்கி வழிவிடுவது யார்? நல்ல கூட்டணியில் இதற்கு எப்போதும் தெளிவான விடை கிடைக்கும். சொதப்பிய மேஷ்-அப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ராப்பரும் எலக்ட்ரானிக் தயாரிப்பாளரும் உட்கார்ந்து புதிதாக ஒரு பாட்டை உருவாக்கினால் அது கொலாப். ஏற்கெனவே வந்த ராப் பாட்டின் குரலை வைத்துக்கொண்டு பின்னணியைப் புதிதாகக் கட்டினால் ரீமிக்ஸ். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதன்மேல் வேறொரு பாட்டை எழுப்பினால் அந்தத் துண்டு சாம்பிள். ஒரு பாட்டின் குரலையும் இன்னொரு பாட்டின் இசையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் மேஷ்-அப். கொலாபில் ராப்பர் அந்த பீட்டைக் காதில் வாங்கிக்கொண்டே எழுதியிருப்பார். மேஷ்-அப்பில் குரல் பதிவானபோது அந்த இசை ஸ்டுடியோ பக்கமே வந்திருக்காது. அதனால்தான் மேஷ்-அப்பில் பொருத்தம் அமைந்துவிட்டால் அப்படி ஒரு சிலிர்ப்பு.

பிறந்த வீடு ஒன்றுதான்

இவை இரண்டு அந்நிய உலகங்கள் என்று நினைக்க வேண்டாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, பாடகர் ஒதுங்கி டிரம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாறி மாறி ஓட்டி நீட்டியதுதான் அவருடைய கைவரிசை. ஒரு துண்டை எடுத்துச் சுழலவிட்டு நடனத்துக்குத் தளம் போடும் இந்த வேலைதான் எலக்ட்ரானிக் இசைக்கும் அடிப்படை.

1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் வெளியிட்ட 'பிளானட் ராக்' இந்த உறவை ஊரறியச் செய்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' பாட்டின் மெட்டும், 1981இல் வந்த 'நம்பர்ஸ்' பாட்டின் தாளமும் அதில் மீண்டும் வாசிக்கப்பட்டன. டிரம் ஒலிகள் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 பெட்டியிலிருந்து வந்தவை. 1980இல் சந்தைக்கு வந்து 1983லேயே உற்பத்தி நிறுத்தப்பட்ட கருவி அது. ஆனால் அதன் அடிவயிற்றைத் தொடும் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின்) ஒலி, டிரேப் என்ற இன்றைய ராப் வகையின் முதுகெலும்பு. நடன இசையிலும் அதே ஒலி அதே வேலையைச் செய்கிறது. ஒரு ராப் பாட்டும் ஒரு எலக்ட்ரானிக் பாட்டும் ஒன்றாக ஒலிக்கும்போது கீழ்ஸ்தாயியில் சண்டை வராமல் இருந்தால், பல சமயம் காரணம் இதுதான். இரண்டும் ஒரே டிரம் பெட்டியின் வாரிசுகள்.

இன்னும் ஒரு சான்று போதும். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) நீளத்துக்கு வரும் டிரம் துண்டு, 'ஏமன் பிரேக்'. சில நொடிகள்தான். ராப் தயாரிப்பாளர்கள் அதைத் தங்கள் வேகத்துக்கு இறக்கிப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேக நடன இசை வகைகளின் தயாரிப்பாளர்கள் துண்டு துண்டாக வெட்டி, நிமிடத்துக்கு 160 தட்டுக்கு மேல் முடுக்கி ஓட்டினார்கள். இரு பக்கத்துக்கும் மூலதனம் ஒன்றே.

1988இல் ஜங்கிள் பிரதர்ஸ் குழு டாட் டெர்ரியின் ஹவுஸ் (ஒரு நடன இசை வகை) பின்னணி ஒன்றின்மேல் ராப் செய்து 'ஐ வில் ஹவுஸ் யூ' வெளியிட்டபோது ஹிப்-ஹவுஸ் என்ற வகைக்குப் பரவலாகப் பெயர் கிடைத்தது. அதைத் தேடிக் கேளுங்கள். சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும் வரிகள் அதிகம். ஏன் அப்படி என்பதற்கு விடை வேகத்தில் இருக்கிறது.

வேகம்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தாளத்தட்டு என்ற கணக்கு. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். ஹவுஸ் பெரும்பாலும் 120 முதல் 128 வரை. டெக்னோ 125 அளவில் தொடங்கி 140ஐத் தாண்டும். டப்ஸ்டெப் 140. டிரம் அண்ட் பேஸ் 170 முதல் 176. ராப் பக்கம் வந்தால், தொண்ணூறுகளின் நியூயார்க் பாணியான பூம்-பேப் 85 முதல் 95 வரை. டிரேப்பை மென்பொருளில் போட்டால் 130 முதல் 150 என்று காட்டும். ஆனால் ஸ்நேர் (டிரம் செட்டின் கூரிய 'டப்' ஒலி) ஒவ்வொரு பாரிலும் மூன்றாவது தட்டில் மட்டும் விழுவதால், உடம்பு உணர்வது அதில் பாதிதான்.

ஒரு தட்டுக்கு நான்கு அசை என்பது ராப்பில் சாதாரணமான அடர்த்தி. 90 பிபிஎம்மில் அது வினாடிக்கு 6 அசை. பேச்சைவிடக் கொஞ்சம் வேகம், ஆனால் எல்லாச் சொல்லும் புரியும். அதே அடர்த்தியை 128 பிபிஎம் ஹவுஸ்மேல் வைத்தால் வினாடிக்கு எட்டரை அசை. நாக்கு சுழலும், கேட்பவருக்குச் சொல் நழுவும். தட்டுக்கு இரண்டு அசையாகக் குறைத்தால் வினாடிக்கு நான்கே கால். இப்போது தெளிவாக இருக்கும், ஆனால் ராப்புக்குரிய நெரிசல் போய்க் கோஷம் போடுவதுபோல ஆகிவிடும். ஹிப்-ஹவுஸ் பாடல்கள் பெரும்பாலும் கோஷத்தையே தேர்ந்தெடுத்தன. ஹவுஸ் வேகத்தில் அடர்த்தியான ராப்பைக் கொண்டுவருபவர்கள் அரிது. அப்படி வரும்போது ரசிக்க வேண்டியது உச்சரிப்பின் கூர்மையை. மெய்யெழுத்துகளே அங்கே ஹை-ஹேட் எனும் சிறு சிம்பலின் வேலையைச் செய்கின்றன.

140இல் ஓடும் டப்ஸ்டெப்பும் டிரேப்பும் இந்தச் சிக்கலிலிருந்து எளிதாகத் தப்பிக்கின்றன. தாளத்தை 70ஆக எண்ணிக்கொண்டு ராப்பர் பேசுவார். தட்டுக்கு நான்கு அசை என்றால் வினாடிக்கு ஐந்துகூட இல்லை. ஆறாக்கினால் ஏழு. நிதானமாகவும் பேசலாம், திடீரென்று பாயவும் செய்யலாம். தாளத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கு ஏற்றுவது கர்நாடக இசை கேட்பவர்களுக்குப் பழக்கமான சுவை. இங்கேயும் அதே கணக்குதான். 87 பிபிஎம் ராப்புக்கும் 174 பிபிஎம் டிரம் அண்ட் பேஸுக்கும் ஒரு மில்லிசெகண்டுகூட வித்தியாசம் கிடையாது. ஒன்று மற்றொன்றின் இரண்டாம் காலம்.

காதைப் பழக்க ஒரு பயிற்சி. பாட்டு தொடங்கியதும் குரலை விட்டுவிடுங்கள். ஸ்நேர் அல்லது கைத்தட்டல் ஒலி எங்கே விழுகிறது என்று மட்டும் பிடித்து, அதனுடன் தொடையில் தட்டுங்கள். இருபது நொடி போதும், கை தானாக ஓட ஆரம்பிக்கும். இப்போது குரலுக்குத் திரும்புங்கள். எதுகை வரும் சொல் உங்கள் தட்டின்மேல் விழுகிறதா, சற்று முன்னால் விழுகிறதா, பின்னால் இழுக்கிறதா? பின்னால் இழுத்தால் சோம்பலான, அலட்சியமான தோரணை வரும். முன்னால் விழுந்தால் அவசரமும் ஆவேசமும் வரும். வித்தியாசம் சில பத்து மில்லிசெகண்டுதான், ஆனால் பாட்டின் குணமே மாறிவிடும்.

இதோடு ஒட்டியது ஸ்விங். ஹிப்-ஹாப் டிரம்மில் ஒவ்வொரு ஜோடிப் பொடித்தட்டிலும் (ஒரு தட்டின் கால்பங்கு) இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வரும். 1988இல் வந்த ஆகாய் எம்பிசி-60 என்ற டிரம் இயந்திரத்தில் இந்தத் தாமதத்தை 50 முதல் 75 விழுக்காடு வரை அமைக்கலாம். 50 என்றால் நேர்கோடு. 90 பிபிஎம்மில் ஸ்விங்கை 58ஆக வைத்தால் அந்த இரண்டாவது தட்டு ஏறக்குறைய 27 மில்லிசெகண்டு தள்ளி விழும். டெக்னோவோ பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடுவது. ஸ்விங்கில் பதிவான ராப் குரலை அப்படியே நேர்கோட்டு ஹை-ஹேட்மேல் வைத்தால், வேகம் சரியாக இருந்தும் ஏதோ தடுக்குவதுபோல இருக்கும். பலர் இதைச் சுருதிப் பிரச்சினை என்று நினைத்துத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

ஒரு பாட்டை அருகில் வைத்துப் பார்ப்போம்

பிரான்சின் எலக்ட்ரானிக் இரட்டையர் டாஃப்ட் பங்க் 2001இல் வெளியிட்ட 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்', அதைச் சாம்பிள் செய்து ராப்பர் கான்யே வெஸ்ட் 2007இல் வெளியிட்ட 'ஸ்ட்ராங்கர்': இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுபோல நல்ல பாடம் வேறில்லை. முதல் பாட்டே எட்வின் பேர்ட்சாங்கின் 1979ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றைச் சாம்பிள் செய்து கட்டப்பட்டது என்பதால், இது மூன்று தலைமுறைச் சங்கிலி.

முதல் பாட்டின் வேகம் 123 அளவில். இரண்டாவது 104 அளவில். கிட்டத்தட்ட 15 விழுக்காடு இறக்கம். இசைத்தட்டை மெதுவாகச் சுழற்றினால் வேகத்தோடு சுருதியும் இறங்கும். கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன். வேகத்தில் சுமார் 6 விழுக்காடு மாறினால் சுருதி ஒரு செமிடோன் நகரும். இந்த 15 விழுக்காட்டு இறக்கம் கிட்டத்தட்ட மூன்று செமிடோனுக்குச் சமம். 'ஸ்ட்ராங்கர்' பாட்டில் அந்த இயந்திரக் குரல் கனத்து, மிரட்டலாக ஒலிப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்ததாக டிரம். டாஃப்ட் பங்க் பாட்டில் கிக் ஒவ்வொரு தட்டிலும் விழுகிறது, நடனத் தளத்துக்குரிய நான்கு தட்டு நடை. கான்யே பாட்டில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும் ஸ்நேருக்குப் போய்விட்டது. டிரம்மைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் டிம்பலாண்டின் உதவியைக் கேட்டுப் பெறும் அளவுக்குக் கான்யேவுக்கு அது முக்கியமாகப் பட்டிருக்கிறது. 123இல் இருந்திருந்தால் அவர் கோஷம்தான் போட்டிருக்க முடியும். 104இல் நக்கலுக்கும் இழுவைக்கும் இடம் கிடைத்தது. வேகத்தை விட்டுக்கொடுத்தது எலக்ட்ரானிக் பக்கம். பதிலுக்கு ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி) அந்த இயந்திரக் குரலுக்கு ராப்பர் இடம் கொடுத்தார்.

நேர் எதிரான உதாரணம் அசீலியா பேங்க்ஸின் '212', 2011. லேசி ஜே இரட்டையரின் ஹவுஸ் பின்னணி ஒன்றை எடுத்து, ஹவுஸ் வேகத்திலேயே முழு அடர்த்தியோடு ராப் செய்தார். இங்கே விட்டுக்கொடுத்தது யாரும் இல்லை. பின்னணியில் ஒல்லியான ஒரு சின்த் (சிந்தசைசர்) ஓசையும் டிரம்மும் தவிர அதிகமாக ஒன்றும் இல்லாததால்தான் அது சாத்தியமானது. நடுவில் ராப் நின்று பாட்டாக உருகும் இடத்தைக் கவனியுங்கள். அதுவரை குரல் தூக்கிய சுமை அங்கே இசைக்குக் கைமாறுகிறது.

இந்தக் கைமாறும் இடங்களை எண்ணிக்கையை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். நடன இசை 8, 16, 32 பார் தொகுதிகளாக நகரும். 128 பிபிஎம்மில் 16 பார் என்றால் சரியாக 30 நொடி. ராப் வெர்ஸும் (சரணம் போன்ற பகுதி) வழக்கமாக 16 பார், ஹூக் 8 பார். ஒரு வெர்ஸ் தொடங்கியதும் பார்களை விரல்விட்டு எண்ணுங்கள். பதின்மூன்று, பதினான்கு வரும்போதே டிரம்மில் ஒரு சுழற்சியோ மேலேறும் இரைச்சலோ கேட்கும். பதினாறு முடிந்து டிராப் (எல்லா ஒலியும் சேர்ந்து கொட்டும் இடம்) விழும்போது ராப்பர் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வார், அல்லது ஒரே ஒரு சொல்லை மட்டும் வைப்பார். தேர்ந்த கலைஞர்களின் கொலாபில் டிராப்புக்கு முந்தைய அரை பார் முழு மௌனமாகக்கூட இருக்கும்.

மேஷ்-அப்: ஒன்றைச் செய்து பார்த்தால்தான் காது திறக்கும்

ரசிக்க மட்டும் விரும்புகிறவர்களும் ஒரே ஒரு மேஷ்-அப்பையாவது செய்து பார்க்கலாம். அதன்பிறகு மற்றவர்களின் வேலையில் எது கடினம் என்பது கேட்டவுடனே தெரியும். ஒரு கணினி, ஒலித்தடங்களை அடுக்கும் மென்பொருள் ஒன்று, கம்பியுள்ள ஹெட்ஃபோன் போதும். புளூடூத் வேண்டாம். ஒலி தாமதமாக வரும், விசையை அழுத்துவதும் காதில் கேட்பதும் ஒத்துப்போகாது.

குரல் மட்டும் உள்ள தடத்தை அகபெல்லா என்பார்கள். கலைஞரே வெளியிட்டது கிடைத்தால் அதுவே உயர்ந்தது. ஜே-ஸியின் 'தி பிளாக் ஆல்பம்' 2003இல் வந்ததும் அதன் அகபெல்லா பதிப்பும் வெளியானதால்தான் அத்தனை பேர் அதை வைத்து மேஷ்-அப் செய்தார்கள். அகபெல்லா கிடைக்காவிட்டால் முழுப் பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. டீசர் நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஸ்பிளீட்டர், ஃபேஸ்புக் ஆய்வுக்குழுவின் டெமுக்ஸ் ஆகியவை இவற்றுக்கு வழிபோட்டவை. பிரித்த குரலில் இரண்டு குறைகள் வரும். ஒன்று, ச, ஸ ஒலிகள் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோலக் குழையும். இரண்டு, பழைய ஸ்நேரின் எச்சம் குரலோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாவதுதான் ஆபத்து. புது ஸ்நேரும் பழைய எச்சமும் இருபது, முப்பது மில்லிசெகண்டு இடைவெளியில் விழுந்தால் ஒவ்வொரு தட்டும் இரட்டையாகக் கேட்கும். அந்த எச்சம் புது ஸ்நேரின் அடியில் மறையும்படி வைக்க வேண்டும், அல்லது சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைக் கையால் வெட்டி நீக்க வேண்டும்.

ஜோடி தேடும்போது வேக வித்தியாசம் 6 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். பாதியாகவோ இரட்டிப்பாகவோ எண்ணிப் பார்க்க மறக்காதீர்கள். 90 பிபிஎம் ராப்பை 128 ஹவுஸுக்கு இழுக்க 42 விழுக்காடு முடுக்க வேண்டும், குரல் சிதைந்துவிடும். அதே ராப்பை 174 டிரம் அண்ட் பேஸின் பாதியான 87க்குக் கொண்டுவர மூன்றரை விழுக்காடுகூட இறக்க வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது. 12 விழுக்காட்டைத் தாண்டினால் சுருதியைக் காப்பாற்றும் மென்பொருள்கூட மெய்யெழுத்துகளைத் தேய்த்துவிடும். ஏபிள்டன் லைவ் மென்பொருளை வைத்திருப்பவர்கள் குரலுக்குக் காம்ப்ளெக்ஸ் புரோ முறையைப் பயன்படுத்தலாம். இசைத்தட்டுபோலச் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டுமானால் ரீ-பிட்ச்.

வேகத்தை மென்பொருள் கண்டுபிடித்துத் தரும், ஆனால் அப்படியே நம்பக் கூடாது. 140ஐ 70 என்று காட்டுவது சாதாரணம், அதனால் கெடுதல் இல்லை. 128ஐ 127.5 என்று காட்டினால்தான் சிக்கல். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய குரல் மூன்று நிமிடத்தில் ஒன்றரைத் தட்டு விலகியிருக்கும். ஆகவே பாட்டின் முதல் பாரையும் கடைசிப் பாரையும் கேட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் நடுவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கையால் டிரம் வாசித்த பழைய பதிவுகளில் வேகமே அலைபாயும். அவற்றை நான்கு பாருக்கு ஒருமுறை நங்கூரம் போட்டு நிறுத்த வேண்டும்.

அடுத்த பிழை எடுப்பில், அதாவது குரல் தொடங்கும் இடத்தில், நடக்கும். குரல் தடத்தின் முதல் சொல்லை இசையின் முதல் தட்டில் வைத்துவிடுவார்கள். ராப்பர்கள் முதல் தட்டுக்கு முன்பே ஓரிரு சொல்லோடு நுழைவது வழக்கம், கர்நாடக இசையின் அதீத எடுப்பு மாதிரி. முதல் சொல்லை நம்பாமல், முதல் வரியின் கடைசி எதுகைச் சொல்லைப் பாருங்கள். அது பெரும்பாலும் நான்காவது தட்டில் விழும். அதைப் பொருத்திவிட்டால் தொடக்கம் தானாகத் தன் இடத்துக்கு வரும்.

வெர்ஸை டிராப்மேல் வைக்காதீர்கள். டிராப்பில் இசை முழு உயரத்தில் நிற்கிறது, அங்கே பதினாறு பார் சொல்லைக் கொட்டினால் இரண்டும் வீண். வெர்ஸ் டிரம்மும் பேஸும் மட்டும் உள்ள பகுதியில் போகட்டும். டிராப்பை நோக்கி இசை ஏறும் பில்ட்-அப்பில் ஹூக்கின் ஒரு வரியை எடுத்து, முதலில் முழுவரி, பிறகு அரைவரி, பிறகு ஒற்றைச்சொல் என்று சுருக்கிக்கொண்டே வாருங்கள். டிராப்பில் குரலை எடுத்துவிடுங்கள். இந்த ஓர் ஒழுங்கு மட்டும் இருந்தாலே முதல் மேஷ்-அப் கேட்கும்படி வரும்.

சுருதிக்கு ராப் கொஞ்சம் சலுகை தரும். பேச்சுக்கு நிலையான ஸ்வரம் இல்லாததால் ஓரிரு செமிடோன் தள்ளியிருந்தாலும் காது மன்னிக்கும். பாடிய ஹூக் மன்னிக்காது. டிஜேக்கள் பயன்படுத்தும் கேமலாட் சக்கரத்தில் ஒவ்வொரு சுருதிக்கும் 1 முதல் 12 வரை ஓர் எண்ணும், மைனருக்கு ஏ, மேஜருக்கு பி என்ற எழுத்தும் இருக்கும். ஒரே எண், அல்லது ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து வரும் எண் பொருந்தும். எழுத்தை மட்டும் மாற்றினாலும் பொருந்தும். உதாரணமாக 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர், இரண்டும் ஒரே ஸ்வரங்களைக் கொண்டவை.

கடைசியாக இடம் ஒதுக்கும் வேலை. குரல் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அங்கே பழைய பேஸின் முனகலும் மைக்கில் பட்ட மூச்சும் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சொல் புரிவதற்குக் காரணமான மெய்யொலிகள் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை செறிந்திருக்கும். சின்த்தின் கூர்மையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குரலைச் சத்தமாக்குவதற்குப் பதிலாகச் சின்த்தில் அந்தப் பகுதியை 2, 3 டெசிபல் குறையுங்கள். இன்னும் நுணுக்கமாகச் செய்ய சைட்செயின் உண்டு. ராப்பர் பேசும்போது மட்டும் சின்த் 2 டெசிபல் தணிந்து, நிறுத்தியதும் எழும்படி அமைக்கலாம். 5, 6 டெசிபல் போனால் இசை மூச்சு வாங்குவது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். பேஸ் ஒன்றுக்கு மேல் எப்போதும் கூடாது. இரண்டு பேஸ் தடம் சேர்ந்தால் வரும் குழப்பத்தை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

எதில் கேட்பது

808 கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் அருகே. கைப்பேசி ஒலிபெருக்கி அந்தப் பக்கம் போகவே போகாது. அதில் கேட்டால் ராப்பின் சொல் கேட்கும், அதைத் தாங்கும் தளம் காணாமல் போயிருக்கும். பிறகு "இசை ஒல்லியாக இருக்கிறது" என்று தோன்றும். சாதாரணக் கம்பி இயர்ஃபோன்கூட இதைவிடப் பல மடங்கு மேல், காதில் இறுக்கமாகப் பொருந்தினால். பேஸை ஏற்றிக் காட்டும் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தயாரிப்பாளர் கிக்குக்கும் பேஸுக்கும் இடையே விட்ட இடைவெளியை அது நிரப்பி மூடிவிடும்.

உரிமை

ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு: பதிவான ஒலிக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று. சாம்பிளை வெளியிட இரண்டுக்கும் அனுமதி தேவை. 1991இல் பிஸ் மார்க்கியின் சாம்பிள் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, முன்னனுமதி வாங்குவது அமெரிக்க இசைத்துறையில் நடைமுறையானது. டேஞ்சர் மவுஸ் 2004இல் ஜே-ஸியின் அகபெல்லாவை பீட்டில்ஸ் பதிவுகளோடு கலந்து 'தி கிரே ஆல்பம்' செய்தபோது, பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையாளரான இஎம்ஐ நிறுவனம் அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. நீங்கள் செய்ததைப் பொதுவெளியில் ஏற்றினால் தானியங்கிக் கண்காணிப்பு அதை முடக்கலாம். பயிற்சிக்கு, சிசிமிக்ஸ்டர் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு அகபெல்லாக்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். சிலவற்றில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு.

எந்த வரிசையில் கேட்கலாம்

'பிளானட் ராக்'கில் தொடங்குங்கள், அதற்கு முன் கிராஃப்ட்வெர்க்கின் அந்த இரண்டு பாடல்களையும் ஓட்டிவிடுங்கள். பிறகு 1983இல் டெட்ராய்டின் சைபோட்ரான் வெளியிட்ட 'கிளியர்', உடனே அதைச் சாம்பிள் செய்த மிஸ்ஸி எலியட்டின் 'லூஸ் கன்ட்ரோல்', 2005. இங்கே வேகத்தை இறக்காமலே, சொல்லைக் குறைத்து, ஆட்டக் கட்டளைகளாக்கி வழி கண்டிருப்பார்கள். அடுத்து 'ஸ்ட்ராங்கர்' ஜோடி, பிறகு '212'. இவை பழகியபின் வின்ஸ் ஸ்டேப்பிள்ஸின் 2017ஆம் ஆண்டு ஆல்பம் 'பிக் ஃபிஷ் தியரி'க்கு வாருங்கள். சோஃபி, ஃப்ளூம் போன்ற எலக்ட்ரானிக் தயாரிப்பாளர்கள் அதில் பங்களித்திருக்கிறார்கள். முதல் முறை சொல்லைப் பொருட்படுத்தாமல் ஸ்நேரோடு போங்கள். இரண்டாம் முறை எதுகைகள் எந்தத் தட்டில் விழுகின்றன என்று பாருங்கள். மூன்றாம் முறை, ராப்பர் பேசாமல் விட்ட பார்களை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் பின்னணியில் புதிதாக என்ன நுழைந்தது என்று தேடுங்கள்.